அப்டேட்டை நிறுத்தியது நான்தான்!

ஒவ்வொரு குடும்பத்திலும் "கம்ப்யூட்டர் தெரிந்த பையன்" ஒருவன் இருப்பான். பிரிண்டர் ஓடவில்லை என்றாலும், போன் மெதுவாக இயங்குகிறது என்றாலும், கரண்ட் பில்லை இன்டர்நெட்டில் கட்ட வேண்டும் என்றாலும் அவனுக்குத்தான் அழைப்பு போகும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பையன் நான். 2015ஆம் ஆண்டு இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த உடனேயே இந்தப் பதவி எனக்குக் கிடைத்துவிட்டது. சம்பளம் கிடையாது. போகும் வீட்டில் காபியும் முறுக்கும் உண்டு.

கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஹேக்கர்களைப் பற்றியும் வைரஸ்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். எழுதட்டும், தேவைதான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வரும் ஆபத்தில் ஒரு பெரிய பங்கு என்னைப் போன்ற பையன்களால் வருகிறது என்பதே என் கருத்து. நாங்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று பாதுகாப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கிறோம். பிறகு அவற்றை இயக்க மறந்து போகிறோம். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எது நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது.

கோவில்பட்டியில் என் பெரியம்மா வீடு. 2015 தீபாவளி விடுமுறையில் அங்கு ஒரு கம்ப்யூட்டரைத் தயார் செய்து கொடுத்தேன். விண்டோஸ் 7 நிறுவினேன். விலை கொடுத்து வாங்கியது அல்ல. நண்பனின் பென் டிரைவில் இருந்த காப்பி. அதனை ஒரிஜினல் போலக் காட்ட "லோடர்" என்ற சிறிய புரோகிராம் ஒன்று அப்போது எல்லோரிடமும் சுற்றியது. அதையும் போட்டேன். ஆட்டோமேடிக் அப்டேட்டை நிறுத்தினேன். ஏன் என்று அந்தக் காலத்துப் பையன்களுக்குத் தெரியும். 2010ல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட கேபி 971033 என்ற அப்டேட் உள்ளே வந்துவிட்டால், திருட்டு விண்டோஸைக் கண்டுபிடித்து டெஸ்க்டாப்பைக் கறுப்பாக்கிவிடும். ஓரத்தில் "இது அசல் அல்ல" என்று செய்தி நிற்கும். பெரியப்பா பார்த்தால் கேள்வி கேட்பார். அந்த ஒரு அப்டேட்டுக்குப் பயந்து எல்லா அப்டேட்டுகளையும் நிறுத்தினோம். இன்னொரு காரணமும் இருந்தது. அந்த பிராட்பேண்ட் இணைப்பில் மாதத்திற்கு இத்தனை ஜிபி என்று கணக்கு. தாண்டினால் மீதி மாதம் நத்தை வேகம். அப்டேட் அதைத் தின்றுவிடும் என்பது எங்கள் வாதம்.

அத்துடன் விட்டேனா? ஒவ்வொரு முறையும் "அனுமதி தரவா?" என்று கேட்கும் யூஸர் அக்கவுண்ட் கண்ட்ரோல் எரிச்சலாக இருந்தது, நிறுத்தினேன். தம்பி (பெரியம்மா மகன்) நண்பனின் லேப்டாப்பை இணைத்து கேம் விளையாட வேண்டும் என்றான், பயர்வாலை நிறுத்தினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் பறந்தது. "இன்டர்நெட்ல இருந்து ஏதாச்சும் வந்துருமாய்யா?" என்று பெரியப்பா கேட்டார். "ஒண்ணும் ஆகாது பெரியப்பா" என்றேன்.

உண்மையில் சில வருடங்கள் ஒன்றும் ஆகவில்லை. இதில்தான் சிக்கலே இருக்கிறது.

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுவதும் பரவியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. மூன்று நாட்களில் தராவிட்டால் 600 டாலர். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. இரண்டு மாதங்கள் அவகாசம் இருந்தது. பழைய எக்ஸ்பிதான் அதிகம் மாட்டியது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அது தவறு. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதாவது அப்டேட் கிடைத்தும் போடாதவை.

இது புதிய கதையும் அல்ல. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் வந்து கம்ப்யூட்டர்களைத் தானாக ரீஸ்டார்ட் செய்ய வைத்தது. அதற்கான அப்டேட் ஜூலையிலேயே வந்திருந்தது. 2008 நவம்பரில் கான்பிக்கர் வந்தது. அதன் அப்டேட் அக்டோபர் 23 அன்று வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் மருந்து முன்னால் வந்தது, நோய் பின்னால் வந்தது. பிளாஸ்டருக்குப் பிறகுதான் 2004ல் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2வில் பயர்வாலை இயல்பாகவே இயங்கும்படி மாற்றினார்கள். அப்படி மாற்றி வைத்ததைத்தான் ஒரு கேமுக்காக நான் நிறுத்தினேன்.

வானாக்ரை வந்த அன்று கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன். பெரியம்மா வீட்டுக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டர் நன்றாக இருந்தது. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை" என்று பெருமையாகச் சொன்னேன். அது தப்பித்த காரணத்தைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். வானாக்ரை 445 என்ற போர்ட் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. பெரியம்மா வீட்டுக் கம்ப்யூட்டர் ரௌட்டருக்குப் பின்னால் இருந்ததால் வெளியிலிருந்து நேரடியாக அதைத் தட்ட வழியில்லை. அவ்வளவுதான். அதே வீட்டு வைபையில் மாட்டிய லேப்டாப் ஒன்று வந்து இணைந்திருந்தால் உள்ளே வந்திருக்கும். பயர்வாலும் இல்லை, அப்டேட்டும் இல்லை. அதிர்ஷ்டத்தை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

2018 இறுதியில் பெரியப்பா காலமானார். அடுத்த ஆண்டு முதல் வருட நினைவு நாளுக்குத் தம்பி ஒரு வீடியோ தயாரிக்க ஆசைப்பட்டான். பெரியப்பாவின் பழைய ஆல்பங்களை எல்லாம் ஸ்கேன் செய்திருந்தான். அவர் பேசிய, பேரப்பிள்ளைகளோடு விளையாடிய சில வீடியோக்களும் இருந்தன. அவன் ஸ்கேன் செய்து முடித்ததும் ஆல்பத்தில் பாதிப் படங்களை உறவினர்கள் ஆளுக்கொன்றாகக் கேட்டு எடுத்துச் சென்றுவிட்டார்கள். எல்லாம் ஒரே போல்டரில் இருந்தது. "பேக்கப் இருக்கா?" என்று நான் கேட்டபோது, "இருக்குண்ணே, பென் டிரைவ்ல" என்றான். பென் டிரைவ் சி.பி.யு.வின் பின்பக்கமே செருகி இருந்தது.

வீடியோ எடிட்டிங் சாப்ட்வேர் ஒன்றின் கிராக் பதிப்பை எங்கிருந்தோ டவுன்லோட் செய்தான். நிறுவும்போது இலவச ஆன்டிவைரஸ் அதைத் தடுத்தது. எனக்குப் போன் செய்தான். அப்போது நான் சென்னையில் வேலையில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

"அண்ணே, ஆன்டிவைரஸ் கத்துது. பைலையே தூக்கிருச்சு."

"கிராக்குன்னா எல்லா ஆன்டிவைரசும் அப்படித்தாண்டா சொல்லும். ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டுப் போடு."

சொன்னது நான்தான். பின்னர் வந்த எல்லாவற்றையும்விட இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அதிகமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அரை மணி கழித்து மறுபடியும் அழைத்தான். "அண்ணே, விண்டோஸ் அப்டேட்னு ஒரு பெட்டி வந்து ஓடுது. நிறுத்தவா?" எனக்கு ஒரு நொடி உறுத்தியது. அப்டேட்டைத்தான் நிறுத்தி வைத்திருந்தேனே, எப்படி ஓடும்? ஆனால் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. "ஓடட்டும் விடு, நடுவுல ஆஃப் பண்ணாதே" என்றேன்.

அது அப்டேட் அல்ல. ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர். பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களையே குறிவைத்தது. கிராக் சாப்ட்வேர், கீஜென் போன்றவற்றின் உள்ளே ஒளிந்து வந்தது. பைல்களைப் பூட்டும் நேரத்தில் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகப் போலியான விண்டோஸ் அப்டேட் திரையைக் காட்டும். அந்த வீட்டில் நான்கு ஆண்டுகளாக யாரும் உண்மையான அப்டேட் திரையைப் பார்த்ததே இல்லை. போலியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

மாலையில் எல்லா போட்டோக்களின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு போல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் வேண்டும், 72 மணி நேரத்திற்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை. 490 டாலர் என்றால் அன்று சுமார் 35 ஆயிரம் ரூபாய். செருகியிருந்த பென் டிரைவும் பூட்டப்பட்டிருந்தது. எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப், பேக்கப் அல்ல என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. இன்ஜினியரிங் முடித்தவனுக்கு!

அந்த வாரக் கடைசியில் கோவில்பட்டிக்குப் போனேன். 2019 அக்டோபரில்தான் எம்சிசாப்ட் நிறுவனமும் மைக்கேல் கில்லஸ்பி என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து இந்த ரான்சம்வேருக்கு இலவச டிகிரிப்டரை வெளியிட்டிருந்தார்கள். அதன் பழைய வகைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அது திறந்தது. நம்பிக்கையோடு ஓட்டினேன். ஆனால் 2019 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த புதிய வகைகளில் ஒரு வழிதான் உண்டு. வைரஸ் தன் சர்வரோடு தொடர்பு கொள்ள முடியாதபோது "ஆப்லைன் கீ" என்ற பொதுவான சாவியால் பூட்டும். அப்படிப் பூட்டியிருந்தால், அந்தச் சாவி கிடைத்த பிறகு மீட்கலாம். சர்வரில் இருந்து தனிச் சாவி வாங்கிப் பூட்டியிருந்தால் மீட்க முடியாது. கடிதத்தில் உள்ள அடையாள எண் "டி1" என்று முடிந்தால் ஆப்லைன் கீ என்று பொருள். எங்களுடையது அப்படி முடியவில்லை. இன்டர்நெட் இணைப்பு அன்று மிக நன்றாக இருந்திருக்கிறது.

பணம் கட்டலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். பணம் வாங்கியவர்கள் சாவி தருவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேலையைச் சுருக்க இந்த வைரஸ் ஒவ்வொரு பைலின் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டும் என்று படித்தேன். எனவே பெரிய வீடியோ பைல்களின் மீதிப் பகுதி அப்படியேதான் இருக்கும். அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் பழுது பார்க்கும் இலவசப் புரோகிராம்கள் உண்டு. இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று வீடியோக்களை மீட்டேன். ஆரம்பத்தில் சில வினாடிகள் போய்விட்டன, மற்றது ஓடியது. ஸ்கேன் செய்த போட்டோக்கள் பெரும்பாலும் போனது போனதுதான். சிலவற்றில் கீழ்ப்பாதி மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த சிறிய அளவுப் படங்களை உறவினர்களிடம் திரும்பக் கேட்டு வாங்கினோம். இதே வைரஸ் சில வகைகளில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களைத் திருடும் புரோகிராமையும் இறக்கும். ஆகவே என் போனிலிருந்தே தம்பியின் இமெயில், வங்கி பாஸ்வேர்ட்களை எல்லாம் மாற்றினோம்.

இதைப் படிக்கும் "கம்ப்யூட்டர் தெரிந்த பையன்கள்" சிலர் சிரிக்கலாம். அப்டேட் இருந்திருந்தால் மட்டும் இந்த வைரஸ் நின்றிருக்குமா என்று கேட்கலாம். நின்றிருக்காது. நாமே கதவைத் திறந்து உள்ளே அழைத்ததை எந்த அப்டேட்டும் தடுக்காது. தடுத்த ஒன்றே ஒன்று அந்த ஆன்டிவைரஸ். அதையும் என் பேச்சைக் கேட்டுத்தான் அணைத்தார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: 2015ல் அப்டேட்டை நிறுத்தியதும், 2019ல் ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னதும் ஒரே பழக்கம். எச்சரிக்கை வந்தால் அதை வாயடைக்கும் பழக்கம். நம்மை நம்பி இருப்பவர்களுக்கும் அதைத்தான் கற்றுக் கொடுக்கிறோம்.

அப்டேட்டால் தொல்லையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்களையே அழித்துவிட்டது. மைக்ரோசாப்ட் அதைச் சில நாட்களில் நிறுத்தி வைத்துச் சரி செய்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட் ஒன்றால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. அது நிறுவனங்கள் பயன்படுத்தும் பாதுகாப்பு சாப்ட்வேர், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குச் சம்பந்தமில்லை. இருந்தாலும் பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்துக்கு மருந்து பேக்கப். தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி, பீரோவில் வைக்கும் பேக்கப். அப்டேட் கெடுத்தாலும், வைரஸ் கெடுத்தாலும், ஹார்ட் டிஸ்க் தானாகவே செத்தாலும் அது ஒன்றுதான் காப்பாற்றும்.

பணம் இல்லாததால்தான் கிராக் போடுகிறோம் என்ற வாதத்தை 2015ல் ஏற்றுக்கொண்டேன், இன்று ஏற்க மாட்டேன். தம்பிக்குத் தேவைப்பட்டது போட்டோக்களை வரிசையாக ஓட்டிப் பின்னணியில் பாட்டு சேர்க்கும் ஒரு வீடியோ. அதற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே அதிகம். கேடென்லைவ் முழுக்க இலவசம். வேர்டு, எக்செலுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. விண்டோஸ் 10லும் 11லும் டிபென்டர் ஆன்டிவைரஸ் உள்ளேயே வருகிறது. அவன் தேடும்போது "ப்ரீ" என்று தேடவில்லை, "கிராக்" என்று தேடினான். அந்த வார்த்தையும் என்னிடம் கற்றதே.

ரௌட்டர் விஷயத்திலும் இதே கதைதான். கனெக்‌ஷன் கொடுக்க வரும் பையன் வைபை பாஸ்வேர்டாக வீட்டுக்காரரின் போன் நம்பரைப் போட்டுவிட்டு, ரௌட்டரின் உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டைத் தொடாமல் போய்விடுகிறான். வைபை பாஸ்வேர்ட் வேறு, அட்மின் பாஸ்வேர்ட் வேறு என்பதே பலருக்குத் தெரியாது. 2016ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்ட்களில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டுவிட்டர் உட்படப் பெரிய தளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, யாரும் மாற்றாத பாஸ்வேர்ட்கள்தான். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து உள்ளே நுழைந்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றப் பத்து நிமிடம் போதும்.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 சிப் இல்லாத பழைய கம்ப்யூட்டர்களில் முறைப்படி அதை நிறுவ முடியாது. மறுபடியும் வீட்டுக்கு வீடு "கம்ப்யூட்டர் தெரிந்த பையன்" அழைக்கப்படுவான். அவன் கையில் அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தும் புரோகிராமும், விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் புரோகிராமும் தயாராக இருக்கும். கம்ப்யூட்டர் பறக்கும். காபி வரும்.

அவனை வீட்டுக்குள் விடும் முன், வாசகர்களே, நீங்கள் அவனிடம் கேட்க வேண்டும். "எதை எல்லாம் நிறுத்தினாய், ஏன் நிறுத்தினாய், எப்போது திரும்ப இயக்குவாய்?" கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. பதில் சொல்லத் தயங்கினால் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரியப்பா 2015ல் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் நான்கு வரி எழுதும்போதே கை நின்றிருக்கும்.

பெரியம்மா வீட்டில் இப்போது வேறு கம்ப்யூட்டர், விண்டோஸ் 11, கடையில் பில்லோடு வாங்கியது. தம்பிக்குத் தினசரி உபயோகத்துக்கு அட்மின் உரிமை இல்லாத சாதாரண அக்கவுண்ட்தான். எதை நிறுவ வேண்டும் என்றாலும் பாஸ்வேர்ட் கேட்கும். அந்தப் பாஸ்வேர்ட் பெரியம்மாவின் டைரியில் இருக்கிறது, என்னிடம் இல்லை. மாதம் ஒருமுறை பீரோவிலிருந்து ஹார்ட் டிஸ்க் வெளியே வந்து, காப்பி எடுத்ததும் உள்ளே போய்விடும். சாவி பெரியம்மா இடுப்பில்.

போன வாரம்கூடத் தம்பி அழைத்தான். "அண்ணே, அப்டேட்டுனு வந்துருக்கு. நெசந்தானா?" ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்திலும் அதே அப்டேட் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். தெரிந்தது. ரீஸ்டார்ட் ஆகும் வரை போனை வைக்காமல் பேசிக்கொண்டிருந்தோம்.